தகப்பன் பெயர் எழுதும் கட்டம்

அத்தியாயம் பதினேழு

அன்று காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்: நான், என் தம்பி, தம்பியின் மனைவி, கால்நடை டாக்டரம்மா, எங்கள் நாய் வளர்ப்போர் சங்கத்தின் செயலாளரான தபால்காரர். நாய்களில் இரண்டு: என்னுடைய தளபதி, தம்பி மனைவியின் ஒற்றைக்காது. மூன்றாவதான சீமாட்டிக்குப் பருவம் வந்து பதினோராவது நாள். அதனால் அவளைப் பின்னறையில் பூட்டி வைத்திருந்தோம். பேச்சு முழுவதும் அவளுடைய சம்பந்தத்தைப் பற்றித்தான். வேறு யாரும் இல்லை. ஜன்னல் திறந்திருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

நான் வாரா வாரம் எழுதும் இந்தத் தொடரைச் சென்ற வாரம் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வளர்ப்பது சாம்பல் நாய். நெடிய கால், ஒட்டிய வயிறு, சாம்பலைப் பூசியதுபோல உடம்பு. இந்த இனத்தில் மிச்சம் இருப்பது நாற்பத்து மூன்று. பதினோரு வீடுகள் சேர்ந்து காப்பாற்றி வருகிறோம். இரண்டு வயதுக்கு முன் பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. ஆறு முடிந்தபின் கூடாது. மூன்று ஈற்றுக்கு மேல் கூடாது. நெருங்கிய உறவுக்குள் கூடவே கூடாது. குட்டியை வளர்க்க முடியாமல் போனால் பிறந்த வீட்டில் திருப்பிக் கொடுக்க வேண்டும். தெருவில் விட்டவருக்குச் சங்கத்தில் இடமில்லை. இந்த விதிகளையும், எந்த நாய்க்கு யார் தாய், யார் தகப்பன் என்ற பதிவேட்டையும் எழுதுவது நான். பிறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் எழுதிய கை இது.

சீமாட்டிக்கு இன்னும் இரண்டு மாதத்தில் ஆறு வயது முடிகிறது. இதை விட்டால் அவளுக்கு ஈற்று இல்லை. அவளுக்கு இரண்டு கடுவன்கள் பார்த்திருந்தோம். ஒருவன் தளபதி. தாய் எங்கள் வீட்டு நாச்சி; தகப்பன் வேறொரு வீட்டு வீரன். இரண்டும் பதிவேட்டில் இருக்கின்றன. மற்றவன் ஒற்றைக்காது. இரண்டு வருஷத்துக்கு முன் கல் குவாரி ஓரத்தில், பாதி கிழிந்த காதோடு கிடந்தவனைத் தம்பி மனைவி தூக்கி வந்தாள். சாயல் சாம்பல் நாய்தான். தகப்பன் யார், தாய் யார் என்று கேட்டால் பதில் இல்லை.

அப்பன் பெயர் தெரியாதவனை எங்கள் வீட்டுப் பெட்டைக்குப் பார்ப்பதா? நான்தான் மரபணுச் சோதனை வேண்டும் என்றேன். ஓரவஞ்சனை என்ற பேச்சு வரக் கூடாது என்று மூன்று நாய்க்குமே எடுக்கச் சொன்னேன். தம்பி மனைவி, "வேண்டாமே அண்ணி" என்றாள்.

"மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்?" என்று கேட்டேன். சென்ற வாரம் அந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

டாக்டரம்மா பையிலிருந்து உறையை எடுப்பதற்குள் காபி வந்தது. தம்பிக்குச் சர்க்கரை இல்லாமல். டாக்டரம்மாவுக்கு அரை ஸ்பூன். தபால்காரருக்கு டம்ளர் நிறைய. யாரையும் கேட்காமலே சரியாகக் கொடுத்தவள் என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணி, உங்களுக்குச் சர்க்கரை போடவா?"

இந்த வீட்டில் ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் காபி குடிக்கிறேன். வந்து நான்கு வருஷம் ஆனவள் விருந்தாளியைக் கேட்பதுபோல என்னைக் கேட்கிறாள்.

"வேண்டாம்" என்றேன். எனக்குச் சர்க்கரை வேண்டும்.

தம்பி ஐம்பது வயதில் கல்யாணம் செய்துகொண்டான். கால்நடை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அதுவரை அவன் சட்டைக்குப் பித்தான் தைத்தது நான். காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது நான். அவள் வந்த முதல் மாதத்திலேயே பின்கட்டுக் கதவின் பழைய கொக்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் தாழ்ப்பாள் ஒன்றைப் பொருத்தினாள். முப்பது வருஷமாக இருந்த கொக்கி. அந்தத் தாழ்ப்பாள் 'டக்' என்று மூடும்போதெல்லாம் என்னை யாரோ அதட்டுவதுபோல இருக்கும்.

போகட்டும். தளபதி என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? அறைக்குக் குறுக்கே நடந்து போய் அவள் காலில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டான். சோறு வைப்பது நான். உண்ணி எடுப்பது நான். ஏழு வயதாகப் போகிறது, இன்னும் வாரிசு இல்லையே என்று கவலைப்படுவது நான். சீமாட்டிக்கும் அவனுக்கும் பிறக்கப்போகும் முதல் குட்டிக்கு மனதுக்குள் பெயர்கூட வைத்துவிட்டேன்.

"தளபதி, இங்கே வா" என்றேன்.

வாலை மட்டும் ஆட்டினான்.

"நாய்க்குக்கூட நாத்தனார் யாரு, வீட்டுக்காரி யாருன்னு தெரியுது" என்று தம்பி சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா உறையைப் பிரித்தார்.

"முதல்ல ஒற்றைக்காது. சுத்தமான சாம்பல், சந்தேகமே வேண்டாம். சீமாட்டிக்கும் அவனுக்கும் நாலு தலைமுறைக்கு மேல தூரம். இடுப்பு, கண்ணு, இதயம் எல்லாம் போன மாசமே பார்த்தாச்சு. இருக்கிற நாப்பத்து மூணுல இவளுக்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது."

தம்பி தன் மனைவியைப் பார்த்தான். என் பணி ஓய்வு விழாவில் நான் மாலையோடு நின்றபோதுகூட அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"தளபதி?" என்றேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு நாய் பிழைக்காது என்று சொல்வதற்கு முன் அவர் அப்படிச் செய்வது வழக்கம்.

"தளபதியோட அப்பா வீரன் இல்லம்மா."

"பின்னே யாரு?"

"உங்க வீட்டுக் கிழவன்."

கிழவன் எங்கள் வீட்டுப் பழைய கடுவன். செத்து மூன்று வருஷம் ஆகிறது. சீமாட்டிக்குத் தகப்பன் அவன்தான். அது ஊரறிந்த சங்கதி. டாக்டரம்மா பத்து வருஷமாக எங்கள் எல்லா நாய்களின் ரத்தத்திலும் ஒரு சொட்டு எடுத்து அட்டையில் உலர்த்தி வைத்திருக்கிறார். கிழவனுடைய அட்டையும் வீரனுடைய அட்டையும் அவரிடம் இருந்தன. பதிவேடு இருக்கும்போது அதையெல்லாம் எதற்குச் சோதிக்க வேண்டும் என்று இத்தனை காலம் தடுத்தவள் நான்.

"அப்படீன்னா தளபதியும் சீமாட்டியும்..." என்று இழுத்தார் தபால்காரர்.

"அண்ணன் தங்கச்சி. அம்மா வேற, அப்பா ஒண்ணு."

 எதிரே ஒற்றைக்காது வாயைத் திறந்து கொட்டாவி விட்டான். அந்தக் கொட்டாவியைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை.

"சோதனைக்கு எடுத்த குழாய் மாறியிருக்கும்" என்றேன்.

"மாறல அம்மா."

"மாறலேன்னா மாத்தியிருப்பாங்க. ஆஸ்பத்திரியிலேயே வேலை பாக்கிறவங்களுக்கு அது பெரிய வித்தையா? தன் நாய் ஜெயிக்கணும்னா எதுவும் செய்வாங்க!"

என் குரல் அலுவலகத்தில் கடைசி வரிசைவரை கேட்கப் பழகிய குரல். எதிர்வீட்டுத் தையல்காரியின் மெஷின் நின்றது. ஜன்னல் திறந்திருந்தது என்று சொன்னேன் அல்லவா? அதன்பிறகு வெகுநேரம் அந்த மெஷின் ஓடவில்லை.

"அக்கா!" தம்பி எழுந்துவிட்டான். ஐம்பத்து நான்கு வருஷத்தில் அவன் என்னிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "அந்தக் குழாய்ல பேர் எழுதினது யாரு? டேப் ஒட்டினது யாரு? ஒட்டின டேப் மேல கையெழுத்துப் போட்டது யாரு? எங்க ரெண்டு பேரையும் தொடக்கூட விடல நீ!"

"மூணு சீலும் உடையாமத்தான் லேபுக்குப் போச்சு" என்றார் டாக்டரம்மா. "உங்க கையெழுத்தைப் பார்த்துட்டு, இது என்ன கோர்ட்டுல இருந்து வந்ததான்னு கேட்டாங்க."

 தம்பி மனைவி காலை மெதுவாக உருவி, தளபதியின் தலையைத் தரையில் இறக்கினாள். டம்ளர்களை எடுத்துக்கொண்டாள். நான் தொடாமல் வைத்திருந்த காபியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தபால்காரர்தான் பேசினார். "டாக்டர், அப்போ என் வீட்டு ரெண்டு பெட்டையில ஒருத்தி தளபதியோட கூடப் பிறந்தவளாச்சே?"

"அவ அட்டையையும் சேர்த்துத்தான் அனுப்பினேன்." டாக்டரம்மா அவரை நேராகப் பார்க்கவில்லை. "அவளுக்கும் கிழவன்தான்."

போன வருஷம் அந்தப் பெட்டையைக் கிழவனின் மகன் ஒருவனோடு இணை சேர்த்தோம். பதிவேட்டின்படி அவர்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிறந்த நான்கு குட்டிகளில் ஒன்று செத்தது. ஒன்றுக்கு இரண்டு கண்ணும் தெரியவில்லை.

"என் வீட்டுக் குட்டி" என்றார் தபால்காரர்.  எழுந்து வாசலுக்குப் போனார்.

"ஒரு நிமிஷம்" என்றார் டாக்டரம்மா. "ரெண்டாவது பக்கம் ஒண்ணு இருக்கு. ஒற்றைக்காதோட அம்மா யாருன்னும் தெரிஞ்சுபோச்சு. நம்ம பதினோரு வீட்டுல ஒரு வீட்டு நாய்."

நம்மவர்களில் யாரோ ஒருவர் ஒரு ஈற்றையே மறைத்து, அதில் ஒரு குட்டியைக் குவாரியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார் என்று அதற்கு அர்த்தம்.

"எந்த வீடு?" என்றான் தம்பி.

"எந்த வீடு?" என்றேன் நானும்.

"முதல்ல அவங்ககிட்ட நான் பேசணும். அப்புறம் சொல்றேன்."

தபால்காரர் மட்டும் கேட்கவில்லை. அவர் வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு அவர் காலடியில்தான் கிடந்தது.

என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பதிவேட்டைப் பிரித்தேன். ஏழு வருஷத்துக்கு முந்தைய பக்கம். குட்டிகள் ஐந்து. தாய்: நாச்சி. தகப்பன் என்ற கட்டத்தில், என்னுடைய நிமிர்ந்த எழுத்தில்: வீரன்.

அந்த எழுத்தைப் பார்த்ததும் ஈரத்துணி தோளில் பட்டதுபோல இருந்தது.

நாச்சியை வீரன் வீட்டுக்குக் கூட்டிப்போய் இணை சேர்த்து வந்து அன்று இரண்டு நாள் ஆகியிருந்தது. பத்து நாளைக்கு அவளை மற்ற கடுவன்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும்; அது நான் எழுதிய விதி. தம்பி வேலைக்குப் போயிருந்தான். காவல் நான். பின்கட்டுக் கொக்கியை மாட்டிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். இறங்கி வந்தபோது கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. சுவரோரத்தில் நாச்சியும் கிழவனும் வாலோடு வால் ஒட்டி நின்றார்கள். அந்த நேரத்தில் பிரிக்கக் கூடாது. பிரித்தால் பெட்டைக்குக் காயம். கால் மணி நேரம், சரியாகக் காயாத துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர்கள் பிரியும்வரை நின்றேன். பிறகு கிழவனை வெளியே விட்டுக் கொக்கியை மாட்டினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. கொக்கி போடவில்லை என்று தம்பியை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! நான் எப்படிச் சொல்வேன்? வீரனோடு சேர்ந்தது முதலில் நடந்தது, அதுதான் நின்றிருக்கும் என்று வைத்துக்கொண்டேன். குட்டிகள் பிறந்ததும் எழுதிவிட்டேன்.

அலுவலகத்தில் கைக்குழந்தையோடு வந்து நிற்கும் பெண்கள் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் தயங்குவார்கள். "தெரிஞ்சதை எழுது. தெரியலேன்னா தெரியாதுன்னு எழுது. இல்லாததை எழுதாதே" என்பேன். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

வருஷம் போகப் போக அந்தத் துணியும் கொக்கியும் மனதை விட்டே போய்விட்டன. சத்தியமாக மறந்தேபோனேன். நினைவிருந்தால் சோதனை கேட்டிருப்பேனா? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்பார்கள். நான் அதற்கு டேப் ஒட்டிக் கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

பின்கட்டில் தம்பி மனைவி நாய்க் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய தாழ்ப்பாள் எனக்குப் பின்னால் 'டக்' என்று மூடியது. பின்னறைக்குள் சீமாட்டி கதவைப் பிராண்டினாள்.

"உனக்கு முன்னாலேயே தெரியுமா?" என்றேன்.

"எது அண்ணி?"

"கிழவன்."

கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். "சந்தேகம் இருந்துச்சு. போன வருஷம் தளபதிக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தேன்ல? வால் எலும்புல கடைசிக்கு முந்தின கணு கோணலா இருந்துச்சு. கிழவன் படத்துலயும் அதே இடத்துல அதே கோணல். சீமாட்டிக்கும் அப்படியே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா? நான் உங்க காபியில சர்க்கரை போட்டா குத்தம், போடலேன்னா குத்தம், கேட்டாலும் குத்தம்."



"அதனாலதான் சோதனை வேண்டாம்னியா?"

"ஒரு தடவை வேண்டாம்னேன்." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "ரெண்டாவது தடவையும் சொல்லியிருக்கலாம். சொல்லல. எனக்கும் ஆசையா இருந்துச்சு அண்ணி. உங்க தளபதி தோக்கணும்னு."

"என் நாய் உன்னை என்ன செஞ்சுச்சு?"

"நாய் ஒண்ணும் செய்யல. நாலு வருஷமா அவர் சாவியைத் தொலைச்சா 'அக்கா, சாவி எங்கே'ன்னுதான் கேக்குறார். பல்லு வலிச்சா அக்கா. மழை வந்தா அக்கா. தூக்கத்துல உளறினாக்கூட அக்கா. பக்கத்துல படுத்திருக்கிறது நான்."

இது எனக்குத் தெரியாது. தெரிந்தவுடன் என் மனம் செய்த முதல் காரியம் சந்தோஷப்பட்டது. எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

"அந்தக் கொக்கியை ஏன் மாத்தினே?"

"மூக்கால மேல தள்ளினாலே திறந்துக்கும். வந்த வாரமே கிழவன் என் கண் முன்னால திறந்தான். உங்ககிட்டயும் சொன்னேன். 'முப்பது வருஷமா இருக்கிற கொக்கி, உனக்கு என்ன தெரியும்'னீங்க."

சொல்லியிருப்பேன். என் பேச்சு மாதிரிதான் இருந்தது.

"குழாயை மாத்தினேன்னு சொன்னீங்களே" என்றாள், கொஞ்சம் பொறுத்து.

"சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

என் வாயில் ஒரு வார்த்தை வந்து நின்றது.  பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன். "தபால்காரர் வீட்டுக்குப் போயிட்டு வரேன்."

"உங்க தம்பியை அனுப்பட்டுமா?"

"எழுதினது நான். நான்தான் போகணும்."

கதவுவரை போன பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது. "வெயில் அடிக்குது. குடை எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொள்ளாமல்தான் போனேன்.

தபால்காரர் வீடு மூன்று தெரு தள்ளி. அன்று அவர் விடுப்பு. உடுப்பு கொடியில் தொங்கியது. கண் தெரியாத குட்டி சுவரோரமாக வந்தது. அந்த வீட்டுச் சுவரில், நாயின் தோள் உயரத்துக்கு ஒரு வழவழப்பான கோடு இருக்கிறது. ஒரு வருஷமாக அது உரசி உரசி நடந்த தடம். எல்லோரும் அதனிடம் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லி, மெதுவா என்பதே அதன் பெயராகிவிட்டது. என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, காலடியில் உட்கார்ந்தது.

"உட்காருங்க மேடம்."

"நின்னே சொல்லிடறேன்."

சொன்னேன். கொக்கி, துணி, கால் மணி நேரம், வீரன் என்று எழுதியது. எதையும் குறைக்கவில்லை. 

"போன வருஷம் கூட்டத்துல நீங்க என்னை என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. "கர்ப்பத்துல இருக்கிற நாயைப் பாத்துக்கத் தெரியாதவர் கையில பெட்டையைக் கொடுத்தது சங்கத்தோட தப்பு" என்று அன்று சொல்லியிருந்தேன். கூட்டக் குறிப்பிலும் எழுதினேன்.

"என் பொண்ணு அன்னிக்கு பக்கத்துல உட்கார்ந்திருந்தா. அந்தப் பெட்டைக்குச் சோறு வைக்கிறது அவதான். அன்னியிலேருந்து சோத்தை அளந்து அளந்து வைக்கிறா. ஏன்டான்னு கேட்டா, 'நான் வச்ச சோத்துலதான்பா கண்ணு போச்சு'ங்கிறா. ஒரு வருஷமா மேடம்."

மெதுவா என் புடவை விளிம்பைக் கடித்து இழுத்தது. இழுக்கட்டும் என்று விட்டேன்.

"மன்னிச்சிடுங்க" என்றேன். அலுவலகத்திலும் வீட்டிலும் நான் சொல்லிப் பழகாத சொல். அங்கே அது எப்படியோ வந்துவிட்டது.

"என்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்ல. ஞாயித்துக்கிழமை கூட்டம். பதினோரு வீடும் வரும். என் பொண்ணும் வருவா. அன்னிக்கு எந்த இடத்துல நின்னு சொன்னீங்களோ, அதே இடத்துல நின்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

பதிவேட்டை அவர் மேஜைமேல் விரித்தேன். எழுதியதை அழிப்பது குற்றம். அதற்கு ஒரு முறை உண்டு. தப்பான பெயரின் மேல் ஒற்றைக் கோடு, கீழே எழுத்து தெரிய வேண்டும். அதற்கு மேல் சரியான பெயர். ஓரத்தில் கையெழுத்து, தேதி. ஐந்து குட்டிகளுக்கும் ஐந்து முறை கோடு போட்டேன். ஐந்து முறை கிழவன் என்று எழுதினேன்.

"புத்தகம் ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

எங்கள் வீட்டை விட்டு அது இதுவரை வெளியே தங்கியதில்லை. கொடுத்தேன்.

"சீமாட்டிக்கும் ஒற்றைக்காதுக்கும் செயலாளர் சம்மதம் எழுதணுமே? அவ பருவத்துக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு."

"பார்க்கலாம்."

"டாக்டரம்மா சொன்ன அந்த ரெண்டாவது பக்கம்..."

"வெயில் ஏறுது மேடம்" என்றார். "கிளம்புங்க."

வீடு திரும்பியபோது தம்பி வாசற்படியில் இருந்தான். டாக்டரம்மா விட்டுப்போன படிவம் அவன் கையில் இருந்தது. தளபதிக்கு இனி வாரிசு வேண்டாம் என்று அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல். ஒரே வீட்டில் தங்கையோடு இருக்கிறவன். ஒரு தாழ்ப்பாளை நம்பி விடக் கூடாது என்பதை என்னைவிட யார் அறிவார்கள்?

"இன்னிக்கே போட வேண்டாம்கா. யோசிச்சுப் போடு."

"ஏழு வருஷம் ஆச்சு. பேனாவைக் குடு."

போட்டேன். தளபதி வந்து, நான் கூப்பிடாமலே என் காலில் தலையை வைத்தான். அவனுக்கு என்ன தெரியும்? மனதுக்குள் வைத்திருந்த அந்தப் பெயரை யாரிடமும் சொல்லவில்லை, இனியும் சொல்லப்போவதில்லை.

தம்பி சட்டைப் பையைத் தடவிக்கொண்டே உள்ளே போனான். "அக்கா, என் கண்ணாடி எங்க..." என்று ஆரம்பித்தவன், சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். நானும் தெரிந்தே பதில் சொல்லவில்லை. அது அவன் தலையிலேயே இருந்தது. அவளே வந்து எடுத்துக் கொடுக்கட்டும் என்று விட்டேன். விட்டேன் என்றா சொன்னேன்? பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன்.

மாலையில் தம்பி மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். எதுவும் கேட்கவில்லை. சர்க்கரை மிக அதிகம். குடித்தேன்.

டாக்டரம்மா ஒரு முறை தொலைபேசியில் பேசினார். தபால்காரர் சம்மதம் எழுதினாரா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "நாளைக்கு நானே அவரைப் போய்ப் பார்க்கிறேன்" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. அன்று மத்தியானத்திலிருந்து இந்தத் தெருவில் ஒரு பேச்சு நடக்கிறது. தையல்காரி வீட்டில் புறப்பட்டு, சலூன் வழியாக மருந்துக் கடைவரை போய்ச் சேர்ந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள், தன் நாய் ஜெயிப்பதற்காக ஆஸ்பத்திரியில் குழாயை மாற்றிவிட்டாளாம். நாத்தனாரே தன் வாயால் சொன்னாளாம்.

நான் சொன்னேன் என்பது உண்மை. நான் சொன்னது பொய். அவள் குழாயைத் தொடவே இல்லை. மூன்றிலும் பெயர் எழுதி, ஒட்டி, கையெழுத்துப் போட்டது நான். தளபதியின் தகப்பன் கிழவன். பதிவேட்டில் வீரன் என்று எழுதியதும் நான்.